80-ஐத் தாண்டாத வண்டிக்கு 97-இல் ஒரு சலான்

வாசகர் கடிதம்:

"வக்கீல் சாருக்கு வணக்கம். காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் 6 வருஷமாக டிரைவராக இருக்கிறேன். மஞ்சள் போர்டு, 7 சீட் வண்டி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பார்க்க வரும் டூரிஸ்ட் ஆட்கள், கல்யாணத்துக்கு வரும் வெளியூர் ஆட்கள் இவர்களைத் திருச்சியிலும் மதுரையிலும் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. போன மாதம் முதலாளி போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. திருமயம் பக்கம் 97 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக 1,000 ரூபாய் அபராதம். எங்கள் வண்டியில் ஸ்பீடு கவர்னர் உண்டு, 80-க்கு மேல் போகாது. சொன்னால் முதலாளி கேட்கவில்லை, சம்பளத்தில் பிடித்துவிட்டார். ஆனால் அபராதத்தை இன்னும் கட்டவில்லை. 2 வருஷம் முன்னால் ஒரு ஓவர் ஸ்பீடு அபராதம் என் லைசென்ஸில் கட்டியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் ராத்திரி 11 மணிக்கு, திருச்சியில் ரயிலைப் பிடிக்க ஒரு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போகும்போது மறித்தார்கள். 'ஓவர் ஸ்பீடு' என்றார் ஒருவர். மெஷின் எதையும் காட்டவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, 'கட்டுனா 1,000, இப்படியே போனா 500' என்றார். 'கொடுத்துட்டு வெரசா வாப்பா, ரயிலு போயிரும்' என்று ஆச்சி சொன்னதால் கொடுத்துவிட்டேன்.

நேற்று எனக்கே வாட்ஸ்அப்பில் ஒரு சலான் வந்திருக்கிறது, ஃபைலைத் திறந்து பார்க்கச் சொல்லி. நான் திறக்கவில்லை, முதலாளிக்கு ஃபார்வர்டு செய்தேன். இப்போதெல்லாம் தொப்பியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்."

பதில்:

தம்பி, கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். இதைப் படித்த உடனே முதலாளிக்குப் போன் போட்டு, நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்தாரா என்று கேளுங்கள். ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது சலான் இல்லை, செயலி. திறந்தால் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு பேங்க் ஓ.டி.பி.யை எல்லாம் படிக்கும். எந்த மாநிலப் போலீஸும் அபராதத்தைச் செயலியாக வாட்ஸ்அப்பில் அனுப்பி 'இன்ஸ்டால் செய்' என்று சொல்வதில்லை. திறந்திருந்தால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லி கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அவ்வளவுக்கு அதைப் பாதி வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டு. சந்தேகப்பட்டுத் திறக்காமல் விட்டது நல்ல புத்தி. அதை முதலாளிக்கு அனுப்பியதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

நிஜமாகவே சலான் இருக்கிறதா என்று பார்க்க வந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம். பரிவாகன் ஈ-சலான் தளத்தை நீங்களே தேடித் திறந்து, முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா பார்த்துவிட்டு, வண்டி நம்பரைப் போடுங்கள். ஆர்.சி. கையில் இருக்கட்டும், சேசிஸ் எண்ணின் கடைசி எண்களைக் கேட்கும். அங்கே இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்தது பொய்.

சரி, இப்போது 97.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 1,000 ரூபாய் போனதுதான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு நடுவில் எழுதிய ஒரு வரிதான் உறுத்தியது: 2 வருஷம் முன்னால் உங்கள் லைசென்ஸில் ஒரு ஓவர் ஸ்பீடு கட்டியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் மாதிரி இலகுரக வண்டிக்கு அபராதம் 1,000-லிருந்து 2,000 வரை. அது முதல் தடவைக்கு. இரண்டாவது தடவை என்றால் 206(4)-இன்படி லைசென்ஸையே எடுத்து வைத்து, தகுதி நீக்கம் செய்யலாமா என்று பார்க்க லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு அனுப்பலாம். ஆபீஸில் வேலை பார்க்கிறவருக்கு 3 மாசம் லைசென்ஸ் இல்லையென்றால் பஸ்ஸில் போவார். உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் 'போகுது, 1,000 தானே' என்று கட்டிவிடுகிற வசதி உங்களுக்குக் கிடையாது. செய்யாத தப்புக்குக் கட்டினால் அது செய்ததாகத்தான் கணக்கில் நிற்கும்.

ஒரு நல்ல விஷயம், முதலாளி இன்னும் கட்டவில்லை. கேமரா சலான் வண்டி உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133-ஆவது பிரிவின்படி அவருக்கு. அவர் உங்கள் லைசென்ஸ் நம்பரை எழுதிக் கொடுத்தால்தான் இது உங்கள் கணக்கில் ஏறும். ஆகவே அவரை உட்காரவைத்துப் பேசுங்கள், கோபமாக வேண்டாம். 'அண்ணே, சலானை ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க, பார்த்துட்டு நானே கட்டுறேன்' என்று ஆரம்பித்தால் பிரிண்ட் வந்துவிடும்.

அந்தப் பிரிண்டை என்னிடம் கொண்டு வந்திருந்தால் நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் போட்டோ. உங்கள் வண்டிதானா? நம்பர் பிளேட் முழுசாகத் தெரிகிறதா? டி.என். 63-க்கும் டி.என். 68-க்கும் வெயிலில் வெளுத்த பிளேட்டில் வித்தியாசம் தெரியாது, 3-ஐ 8 என்று படித்துவிடுகிற கருவிகள் உண்டு. சிவகங்கை மாவட்டத்து வண்டிக்கு எங்கோ ஓடிய வண்டியின் பாவம் வந்து சேர்ந்த சலானை நானே பார்த்திருக்கிறேன். போட்டோவில் இருந்தது வெள்ளை வண்டி, கட்சிக்காரர் வைத்திருந்தது சிவப்பு. ஆள் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டோவைத் திறந்து பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

அடுத்து தேதி, நேரம், இடம். அன்றைக்கு அந்த நேரத்தில் வண்டி அங்கே இருந்ததா? உங்கள் டிரிப் ஷீட் சொல்லும். வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் வேகமும் அதில் இருக்கும். ஆனால் அதை யாரிடமும் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவை தனியாகப் பார்த்துவிடுங்கள். காட்டப்போவது 78 என்றால் நல்லது. 96 என்றால் என் மேல் கோபித்துக்கொள்ளாமல் அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.

கவர்னர் விஷயமும் அப்படித்தான். 80-இல் பூட்டிய வண்டி 97 போனதாகச் சொன்னால் அது கனமான எதிர்வாதம், சந்தேகமில்லை. கருவி பொருத்தியதற்கான சான்றிதழும், வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி. பேப்பரும் சேர்த்து வைத்தால் நீதிமன்றம் கேட்கும். ஆனால் நம் ஊர் ஷெட்டுகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எஃப்.சி. முடிந்த மறுநாள் ஒயரைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பார்கள். 80-க்கு மேல் போகாது என்று நீங்கள் எழுதியிருப்பது ஓட்டிப் பார்த்துத் தெரிந்ததா, முதலாளி சொல்லித் தெரிந்ததா? கழற்றியிருந்தால் இந்த வாதத்தை வாயிலேயே எடுக்காதீர்கள். வண்டியைச் சோதிக்கச் சொன்னால் வேகத்துக்கு ஒரு வழக்கு, கருவியில் கை வைத்ததற்கு ஒரு வழக்கு என்று இரண்டாகிவிடும்.

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமரா, ஸ்பீடு கன் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். கண்காணிக்கிற பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சலானில் நம்பர் பிளேட்டோடு படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இவை இருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இதில் எது இல்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நாள் தாண்டிவிட்டது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்; படம் தெளிவாக இருந்து நோட்டீஸ் மட்டும் தாமதம் என்றால் எல்லா மாஜிஸ்திரேட்டும் அதற்காக விட்டுவிடுவார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

வேக வரம்புப் பலகையையும் பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் எண் போட்ட அந்தப் பலகை. 112-ஆவது பிரிவுப்படி ஒரு சாலையில் வேகத்தைக் குறைத்து வரம்பு வைக்க வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பும் வேண்டும், ரோட்டில் பலகையும் வேண்டும். 'ஹைவேயில் 100 போகலாம்' என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். 2018-இல் மத்திய அரசு அப்படி வரம்புகளை உயர்த்தி அறிவித்தது உண்மைதான். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்ததை ஸ்டாண்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஸ்டாண்டுச் சட்டத்தை விட்டுவிட்டு அடுத்த டிரிப்பில் அந்த இடத்தில் பலகை இருக்கிறதா என்று பார்த்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம். கையில் போனோடு ஓட்டுவது 184-ஆவது பிரிவு, 183-ஐவிட அது மோசம்.

இவ்வளவும் பார்த்த பிறகு சலான் தப்பு என்று தோன்றினால், தளத்திலேயே புகார் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது, அங்கே ஆவணங்களோடு எழுதுங்கள். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைனில் நடக்கும் கோர்ட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தளத்தில் 'அபராதம் கட்டுகிறேன்', 'வழக்கை எதிர்கொள்கிறேன்' என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு அந்த எல்லையின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். இதில் நம் பக்கத்து ஆட்கள் அடிக்கடி ஏமாறுவது ஒன்று உண்டு. செட்டிநாடு என்று பேச்சுக்கு ஒரே சீமையாகச் சொன்னாலும், சர்க்கார் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சிவகங்கையில். திருமயம் புதுக்கோட்டையில். உங்கள் சலான் திருமயம் எல்லை என்பதால் காரைக்குடிக் கோர்ட்டில் வந்து விசாரித்தால் 'இங்கே இல்லை' என்பார்கள். இல்லை என்றதும் வழக்கே இல்லை என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு, அப்புறம் வண்டியை விற்கும்போது பெயர் மாற்ற முடியாமல் வந்து நிற்பார்கள்.

ராத்திரி 11 மணி விஷயத்துக்கு வருவோம்.

முதலில், கண்ணால் பார்த்து 'ஓவர் ஸ்பீடு' என்று சொன்னால் போதுமா? போதாது. 183(3) தெளிவாகச் சொல்கிறது: வேகமாகப் போனார் என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயமாகச் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, அந்த அபிப்பிராயம் ஒரு இயந்திரமோ மின்னணுக் கருவியோ காட்டிய அளவை வைத்துச் சொன்னதாக இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. 'சார், எவ்வளவு காட்டுது சார்? பார்த்துக்கலாமா?' குரல் இறங்கியே இருக்கட்டும். கருவி இருந்தால் காட்டுவார்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வியிலேயே பேச்சின் திசை மாறும்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் ஊகிக்கிறேன். 'தெரியாம வந்துட்டேன் சார், ரயிலுக்கு அவசரம் சார்.' சரியா? நம் டிரைவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் கண்ணாடியை இறக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறார்கள். மரியாதை என்று நினைத்துச் சொல்வது, கேட்கிறவருக்கு ஒப்புதலாக விழுகிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது சட்டம். ஆனால் ரோட்டில் செல்லும். நீங்கள் 'அவசரம்' என்ற சொல்லைச் சொன்ன மறு நிமிஷம் உங்கள் அவசரத்துக்கு ஒரு விலை வைக்கப்படும். 500 அப்படி வந்த தொகைதான். வணக்கம் சொல்லுங்கள், கேட்டதைக் காட்டுங்கள், காரணத்தைக் கேளுங்கள். ரயில், ஆச்சி, கல்யாணம், எதையும் நீங்களாக எடுக்க வேண்டாம்.

நிறுத்தும் விதம் ஒன்று இருக்கிறது. டார்ச் அசைந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, உள் விளக்கைப் போடுங்கள். இருட்டு வண்டிக்குள் எத்தனை பேர், யார் என்று தெரியாமல் நிற்கிற காவலருக்கும் பயம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். விளக்கு எரிந்து, உள்ளே ஒரு ஆச்சி மடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தாலே எதிரில் இருக்கிறவரின் குரல் பாதி இறங்கிவிடும். சாவியை நீங்களே கழற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பிடுங்கச் சொல்லி மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. அதற்காக அந்த இடத்தில் சாவிக்கு மல்லுக்கட்டக் கூடாது. பையில் இருக்கும் சாவியைப் பிடுங்க யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான்.

சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் வண்டிக்கு எஃப்.சி., பர்மிட் எல்லாம் காட்ட வேண்டும், 130-ஆவது பிரிவு. 2017-இல் ஒரிஜினல்தான் கையில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு கெடுபிடி நடந்தது நினைவிருக்கலாம். 2018-இல் விதியைத் திருத்தி மின்னணு வடிவம் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் ஒன்றில் இருந்தால் போதும். கேலரியில் இருக்கும் போட்டோ அதற்கு ஈடாகாது. உள் ரோடுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் கிளம்பும்போதே செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், லைசென்ஸ் கார்டு மட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ரசீது தர வேண்டும். 206(3)-இல் சொல்லியிருக்கும் அந்த ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு, லைசென்ஸ் திரும்பி வரும்வரை நீங்கள் வண்டி ஓட்டலாம். பல பேருக்கு இது தெரியாமல், லைசென்ஸும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட நிற்கும் ஊர்க்காவல் படைத் தம்பிகள் கை காட்டி நிறுத்துவார்கள், நிறுத்துங்கள். அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

சலான் அடித்தால் அதில் பிரிவு எண்ணைப் படியுங்கள். 183 என்றால் அபராதம். 184 என்று அடித்திருந்தால் அது ஆபத்தான முறையில் ஓட்டியது; முதல் தடவைக்கே 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறையோ, 1,000 முதல் 5,000 வரை அபராதமோ விதிக்க இடமுள்ள பிரிவு. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே ஒரு வக்கீலிடம் போங்கள். அபராதத்தை அங்கேயே கட்ட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டுவதானால் கருவியில் அடித்த ரசீதோடு கட்டுங்கள். க்யூ.ஆர். ஸ்கேன் செய்ததும் ஒரு ஆள் பெயர் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அந்த 500-ஐப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-க்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டம் 8-ஆவது பிரிவில் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் அவர் மேல் அந்தக் குற்றம் வராது. உங்களுக்கு அந்த 7 நாள் போய்விட்டது. இனி நடந்தால் இடம், நேரம், சட்டையில் இருக்கும் பெயர், ரோந்து வண்டியின் நம்பர் இவற்றை அடுத்த டீக்கடையில் நிறுத்திக் குறித்துக்கொண்டு, 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதுங்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு டேஷ் கேமரா மாட்டச் சொல்லி முதலாளியைக் கேளுங்கள், அது யாரையும் சீண்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரிவு எண் இத்தனை சொல்லியிருக்கிறேனே, இதை எல்லாம் அங்கேயே சொல்லலாமா என்றால், ஒன்றைக்கூடச் சொல்லாதீர்கள். நான் கறுப்புக் கோட்டுப் போட்டு 3 வருஷம் ஆன சமயம். பக்கத்து ஊர்க் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு, கட்சிக்காரரையும் வண்டியில் வைத்துக்கொண்டு போகிறேன். வழியில் நிறுத்தினார்கள். அப்போதுதான் சட்டம் முழுக்க மனப்பாடம், சும்மா இருப்பேனா? இறங்கி நின்று பிரிவு பிரிவாக எடுத்துவிட்டேன். அந்த சப் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, 'வக்கீல் சார் சொல்றது எல்லாம் சரிதான். ஸ்டேஷனுக்கு வாங்க, அப்படியே எழுதித் தர்றேன்' என்றார். எழுதித்தான் தந்தார், நிதானமாக, கார்பன் வைத்து. நான் கோர்ட்டுக்குள் நுழையும்போது வழக்கைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று தள்ளுபடி செய்து 20 நிமிஷம் ஆகியிருந்தது. அதைத் திரும்ப எடுக்க மனுப் போட்டு, செலவுத்தொகை கட்டி, 4 வாய்தா அலைந்தேன். வாதம் என்னவோ முழுக்க என் பக்கம்தான் இருந்தது! அந்தக் கட்சிக்காரர் இன்றைக்கும் கோவில் திருவிழாவில் பார்த்தால் 'வக்கீல் தம்பி, வழியில எங்கயும் நிக்காம வந்தீங்களா' என்றுதான் விசாரிப்பார்.

கடைசியாக உங்கள் ஆச்சி. அவரை நான் குறை சொல்லவில்லை. ரயில் போய்விட்டால் அந்த வயதில் ராத்திரி பிளாட்பாரத்தில் உட்கார முடியாது. பிரச்சினை வண்டி கிளம்பிய நேரத்தில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். ஒரே சீராக 80-இல் போனால் 67 நிமிஷம், 100-இல் போனால் 54. காகிதத்தில் 13 நிமிஷம் மிச்சம். நடுவில் ஊர்கள், கேட், ஆடு, மாடு, இருட்டில் விளக்கில்லாத டிராக்டர் எல்லாம் சேர்ந்தால் அந்த 13-இல் நாலு நிமிஷம் கையில் நின்றால் பெரிது. தைப்பூசச் சமயம் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியில் நகரத்தார் பாதயாத்திரை போகும்போதும், பொங்கலையொட்டி சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் போகும்போதும் இந்தக் கணக்கே செல்லாது. ராத்திரி காவடியோடு நடக்கிறவர்கள் ரோட்டோரத்தில்தான் வருவார்கள், அங்கே 40-க்கு மேல் கால் வைக்கக் கூடாது, பலகை இருக்கிறதோ இல்லையோ.

கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறவர் முதலாளி என்றால், அவருக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. 183(1) ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை, தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்ட வைக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. அதற்கு மேல் 183(4): இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் மேல் முதல் நோக்குச் சாட்சியம், அதாவது அவர் மறுத்து நிரூபிக்காதவரை போதுமான சாட்சியம். '8.30-க்கு எடுத்து 9.30-க்கு ஜங்ஷன்ல நிக்கணும்' என்று அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, மிரட்டினால் வேலை போய்விடும். அடுத்த முறை சம்பளத்தில் கை வைக்கும்போது, 'அண்ணே, டைம் நீங்க சொன்னதுதானே' என்று சிரித்துக்கொண்டே கேட்க ஒரு பிடி இருக்கட்டும் என்றுதான். இந்த மாதம் பிடித்த 1,000-ஐயும், சலானே கட்டாதபோது எதற்குப் பிடித்தீர்கள் என்று அதே தொனியில் கேட்கலாம்.

இந்த வாரம் சலான் பிரிண்ட், அன்றைய டிரிப் ஷீட், கவர்னர் சான்றிதழ் மூன்றையும் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். கவர்னர் வேலை செய்கிறதா என்பதை மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வேலை செய்தால் தளத்தில் புகாரைப் பதிவு செய்துவிட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, புதுக்கோட்டைப் பக்கம் வழக்காடும் ஒரு வக்கீலைப் பாருங்கள். 1,000 ரூபாய் வழக்குக்கு அவர் 5,000 கேட்டால் திகைக்காதீர்கள், லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லி, வண்டி உரிமையாளர் பெயரில்தான் மனு என்பதால் பாதியை முதலாளியைத் தரச் சொல்லுங்கள்.